வேறு வழியின்றி

படுத்துக்கொண்டே சம்பளம் வாங்குகிறவள் என்று கல்லூரியில் என்னைக் கேலி பேசுவார்கள். பேசட்டும், உண்மை அதுதானே. படுக்கையோடு கிடக்கும் நோயாளிகளை எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, எப்படி உடம்பு துடைத்துவிடுவது, எப்படி ஊட்டிவிடுவது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அதற்கு ஒரு நோயாளி வேண்டாமா? வகுப்பு மூலையில் ஓர் இரும்புக் கட்டில் இருக்கிறது. அதில் நானே ஏறிப் படுத்துக்கொள்வேன்.

முன்பு ஒரு பொம்மை இருந்தது, ஆள் உயரத்துக்கு, ரப்பரில். பிள்ளைகள் அதற்கு மாமா என்று பெயர் வைத்திருந்தார்கள். மாமாவுக்கு முதலில் கழுத்து தளர்ந்தது. பிறகு ஒரு நாள் திருப்பும்போது இடது கால் கழன்று ஒரு பிள்ளையின் கையோடு வந்துவிட்டது. இப்போது மாமா அலமாரிக்குள் ஓய்வெடுக்கிறார், கால் மட்டும் தனியாக மேல்தட்டில். புதிதாக ஒன்று வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டுக் கேட்டு என் வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் ஒரு நாள் கோபம் தலைக்கேறி, "விடுங்க, நானே படுக்கறேன்" என்று செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தேன்.

படுத்த பிறகுதான் தெரிந்தது, மாமா எவ்வளவு மோசமான வாத்தியார் என்று. அவர் ஒன்றுமே சொல்ல மாட்டார். என்ன செய்தாலும் கல்லுப்பிள்ளையார் மாதிரி கிடப்பார். நான் அப்படியா? தண்ணீர் சில்லென்று இருந்தால் திட்டுவேன், தலையணை சரியில்லை என்று முனகுவேன், ஊட்டும் கரண்டியை வேண்டுமென்றே தள்ளிவிடுவேன். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் வைத்திருந்தேன். சொல்லாமல் என்னைத் தொடக் கூடாது. "உங்க தோளைப் பிடிக்கப் போறேன், இந்தப் பக்கம் திருப்பப் போறேன், பரவால்லையா?" என்று கேட்ட பிறகுதான் கை என் மேல் பட வேண்டும். கேட்காமல் தொட்டால் ஊரே கூடுகிற மாதிரி கத்துவேன். எழுந்திருக்க முடியாமல் கிடக்கிற மனுஷனுக்கு மிச்சமிருக்கும் மரியாதை அது ஒன்றுதான்.

கதவைத் திறந்துதான் வைத்திருப்பேன். நடைபாதையில் போகிறவர்கள் நின்று பார்த்துச் சிரிப்பார்கள். கணக்குப் பிரிவு ஆட்கள்கூட டீ குடிக்கப் போகும் வழியில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போவார்கள். எனக்கு அதில் ஒரு கர்வம், பொய் சொல்வானேன். என் பிள்ளைகளை ஆஸ்பத்திரிகளில் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். இப்போதைய வகுப்பில் வாய் திறக்கவே பயந்து சாகிற ஒரு பெண் இருந்தாள், பூனைக்குட்டி என்று கூப்பிடுவோம். அவளுக்கு மட்டும்தான் அந்தச் சட்டம் படியவில்லை. கை வேலை செய்யும், வாய் வேலை செய்யாது. என்னிடம் அவள் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை.

இப்படி நடந்துகொண்டிருந்த படிப்பை மூடிவிடப் போகிறோம் என்று நிர்வாகம் சொன்னது. வெளியிலிருந்து நிதி ஏதாவது வந்தால் நடக்கட்டும், இல்லாவிட்டால் இந்த வருடத்தோடு சரி. பிள்ளைகளை வேறு எங்காவது பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார்கள், ஏதோ பஸ் மாறி ஏறச் சொல்கிற மாதிரி. அன்று வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் தம்பிக்குப் போன் போட்டேன்.

என் தம்பி வெளிநாட்டில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் இருக்கிறான். பாடம் நடத்துகிறவன் இல்லை. இரண்டு நாட்டுக் கல்லூரிகள் சேர்ந்து பாடம் நடத்த விரும்பினால் அதற்கு எங்கே நிதி கிடைக்கும், விண்ணப்பத்தை எப்படி எழுத வேண்டும் என்று பேராசிரியர்களுக்கு உதவி செய்யும் அலுவலகம் அவனுடையது. "அடுத்தவனுக்குக் கை நீட்டக் கத்துக்கொடுக்கற உத்தியோகம்" என்பார் என் வீட்டுக்காரர். மச்சான் மேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம், அதனால்தான் இந்தக் கிண்டல்.

தம்பி உடனே பிடித்துக்கொண்டான். அவர்கள் பல்கலைக்கழகத்தில் இதே படிப்பு இருக்கிறது. இரண்டு வகுப்பும் திரை வழியாகச் சேர்ந்து ஒரே பாடத்தை ஒரே நாளில் படிக்கும், ஆசிரியர்கள் மாறி மாறி நடத்துவார்கள். அதற்கென்றே ஒரு நிதி இருக்கிறதாம்.

"பாடத்திட்டம் மட்டும் நீ எழுதிக் குடுக்கா. மத்ததெல்லாம் எங்க ஆபீஸ் பார்த்துக்கும்" என்றான்.

"மத்ததுன்னா?"

"அதெல்லாம் வழக்கமா எழுதறதுதான். உனக்கு எதுக்குத் தலைவலி?"

நானும் சரி என்று விட்டுவிட்டேன். பாடத்திட்டத்தை எழுதி அனுப்பினேன். முதல்வர் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். எங்கள் முதல்வர் நல்ல மனிதர், எதையும் முழுசாகப் படிக்க மாட்டார் என்பது ஒன்றுதான் குறை.

முதல் கட்டம் தேறிவிட்டது. அடுத்தது நேர்காணல். தேர்வுக் குழு அங்கே உட்கார்ந்திருக்கும், நாங்கள் இங்கிருந்து திரையில் பேச வேண்டும். வகுப்பையும் பிள்ளைகளையும் பார்க்க வேண்டும் என்று குழு கேட்டிருந்ததால் எங்கள் வகுப்பிலேயே ஏற்பாடு. முதல்வர் தன் அறையிலிருந்த பெரிய டிவியை ஆள் வைத்துத் தூக்கி வந்து சுவரில் மாட்டினார். பிறகு சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார்.

"அந்தக் கட்டிலைக் கொஞ்சம் ஓரங்கட்டிடுவோமாம்மா? பார்க்க ஒரு மாதிரி இருக்கு."

"அது அங்கேயேதான் இருக்கும் சார்" என்றேன். எனக்கு அன்று அவ்வளவு தெம்பு.

திரையில் குழு வந்தது. நடுவில் தலைமுடி நரைத்த ஓர் அம்மாள், மூக்குக்கண்ணாடி. பக்கத்தில் இரண்டு பேர். இன்னொரு கட்டத்தில் என் தம்பியும் அவனுடைய மேலதிகாரியும். தம்பி கோட்டுப் போட்டிருந்தான், கழுத்துப் பட்டி கோணலாக இருந்தது. சின்ன வயசிலிருந்தே ஒரு பொத்தானை ஒழுங்காகப் போடத் தெரியாது அவனுக்கு. அவர்கள் பேசும் பாஷை எனக்குக் கேட்டால் புரியும், பேசத்தான் வராது. நான் தமிழில் சொல்வதைத் தம்பி அவர்களுக்கு மாற்றிச் சொல்வது என்று ஏற்பாடு. என் பின்னால் பிள்ளைகள் வரிசையாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

பாடத்திட்டத்தைப் பற்றிக் கேட்டார்கள். நன்றாகவே சொன்னேன். குழுவில் ஒருவர் தலையாட்டினார். இது பழம்தான் என்று நினைத்தேன்.

அப்போது அந்த அம்மாள் விண்ணப்பத்தைப் புரட்டி, "தேவை என்ற பகுதியில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்" என்று சொல்லி வாசிக்க ஆரம்பித்தார்.

"போதிய உபகரணங்கள் இல்லாத இந்தக் கல்லூரியில், வயதில் மூத்த ஆசிரியையே வேறு வழியின்றி நோயாளியாகப் படுத்துக்கொள்கிறார். மாணவர்கள் அவர் உடம்பின் மீதே பயிற்சி செய்கிறார்கள். வகுப்பு முடியும்போது அவர் உடைகள் நனைந்திருக்கின்றன. கட்டிலிலிருந்து இறங்க அவருக்குச் சிரமமாக இருக்கிறது. வெளியே நிற்பவர்கள் சிரிக்கிறார்கள்."

எனக்குக் காது அடைத்துவிட்டது.

போன வருடம் தம்பி லீவில் வந்திருந்தான். அக்கா என்னதான் செய்கிறாள் பார்ப்போம் என்று ஒரு நாள் வகுப்புக்கும் வந்தான். நான் கட்டிலில் படுத்து அட்டகாசம் செய்ததைப் பார்த்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தான். "நீ நடிக்கப் போயிருக்கணும்க்கா" என்றான். அதை நான் எத்தனை பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன்! சிரிக்கிறான் என்றல்லவா நினைத்தேன். என் ஈரத் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். என் இடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

குழுவிலிருந்த மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு வந்துபோகும் சொந்தக்காரர்கள் கட்டிலுக்குக் கால்மாட்டில் நின்றுகொண்டு பார்ப்பது அப்படித்தான். அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இது உண்மையில் இப்படித்தான் நடக்கிறதா?" என்று கேட்டார். தம்பி அதைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தான். அவன் முடிப்பதற்குள் எனக்கு வாய் முந்திவிட்டது.

"இல்லைங்க. அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. எங்ககிட்ட பொம்மை இருக்கு. நான் படுக்கறதெல்லாம் எப்பவாச்சும் ஒரு தடவை, சும்மா வேடிக்கைக்கு."

பக்கத்தில் முதல்வர் நெளிந்தார். திரையில் தம்பி என்னையே பார்த்தான். அவன் நினைத்திருந்தால் வேறு மாதிரி மாற்றிச் சொல்லியிருக்கலாம். அங்கே தமிழ் தெரிந்தவன் அவன் ஒருவன்தான், எதைச் சொன்னாலும் அவர்கள் நம்பியிருப்பார்கள். ஆனால் நான் சொன்னதை அப்படியே, ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னான். பொம்மை இருக்கிறது. எப்போதாவது ஒரு தடவை. வேடிக்கைக்கு.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்படியானால் இதை எழுதியது யார்? எதை வைத்து எழுதினார்?"

"நான்தான் எழுதினேன்" என்றான் தம்பி. "நேரில் ஒரு முறைதான் பார்த்தேன். பார்த்ததைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் எழுதிவிட்டேன். தவறு என்னுடையது. கல்லூரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை."

அவனுடைய மேலதிகாரி மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தார். இல்லாததை விண்ணப்பத்தில் எழுதினான் என்று பெயர் வாங்கிவிட்டால், விண்ணப்பம் எழுதுவதே பிழைப்பாக இருக்கிறவன் கதி என்ன? அந்த அம்மாள் பேனாவை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். தம்பி கழுத்துப் பட்டியைச் சரிசெய்வதுபோல் தலையைக் குனிந்துகொண்டான்.

எனக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. மாமாவின் கால் கழன்ற கதைக்கே வயிறு வலிக்கச் சிரித்த பிள்ளைகள். அத்தனை பேருக்கும் தெரியும் நான் சொன்னது பச்சைப் பொய் என்று. ஒருத்தராவது சிரித்திருந்தால், இருமியிருந்தால்கூட, தேவலை என்றிருக்கும். திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. டிவியின் ஓரத்தில் எங்கள் வகுப்பும் ஒரு சின்னக் கட்டத்தில் தெரிந்தது. அதில் பார்த்தேன். எல்லாரும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள், தப்பு செய்தது அவர்கள் மாதிரி.

சே, என்ன ஜென்மம் நான் என்று இருந்தது. அந்த பாஷையில் எனக்குத் தெரிந்த நாலு வார்த்தையைத் திரட்டிக்கொண்டு நானே பேசினேன்.

"அவர் எழுதியது உண்மை. நான் சொன்னது பொய். பொம்மை உடைந்தது. நான்தான் பொம்மை."

இலக்கணம் என்ன ஆனதோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அந்த அம்மாள் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "ஏன் மறைத்தீர்கள்?" என்று கேட்டார். அதற்கு அந்த பாஷையில் வார்த்தை தெரியவில்லை.

"வெட்கமா இருந்துச்சு" என்றேன் தமிழில்.

தம்பி அதை மாற்றிச் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டான். அந்த அம்மாள் நன்றி சொன்னார், முடிவைத் தெரிவிப்போம் என்றார், திரை கறுத்துவிட்டது.

முதல்வர் பக்கம் திரும்பினேன். "நீங்க படிச்சீங்களா சார் அதை?"

"அத்தனை பக்கத்தை யாரும்மா படிப்பா? கையெழுத்துப் போடற இடத்துல மஞ்சக் காகிதம் ஒட்டி அனுப்பியிருந்தாங்க. போட்டேன்." பாவம், அவருக்கும் முகமில்லை. டிவியைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். கண் பொங்கி மூக்கெல்லாம் ஒழுகியது. வகுப்பில் நான் அழுததே கிடையாது, அழ வைத்துத்தான் பழக்கம். யாரோ பக்கத்தில் வந்து நின்றார்கள். பூனைக்குட்டி. கையில் வகுப்புத் துண்டு. வழக்கம்போல் வாய் திறக்காமல் நின்றாள்.

பிறகு சொன்னாள், "மேடம், உங்க முகத்தைத் துடைக்கப் போறேன். பரவால்லையா?"

நோயாளியாகக் கட்டிலில் கிடந்தபோதெல்லாம் அவளிடமிருந்து நான் கேட்டு வாங்க முடியாத வார்த்தை. தலையை ஆட்டினேன். துடைத்துவிட்டாள். காதோரம் வரைக்கும் சுத்தமாக, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

அன்று சாயங்காலம் தம்பி போன் செய்தான். எடுத்ததுமே பிடித்துக்கொண்டேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லடா? என்னைப் பத்தி எழுதறதை எங்கிட்ட சொல்லாம?"

"சொல்லியிருந்தா எழுத விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான். அந்தப் பகுதிக்குத்தான்க்கா மார்க்கே. படிக்கறவங்க மனசு இளகணும். எல்லாருக்கும் நான் அப்படித்தான் எழுதறேன். எந்தக் காலேஜா இருந்தாலும் ஓட்டை, உடைசல், கஷ்டம்." கொஞ்சம் நிறுத்தினான். "உன்னை எழுதும்போது மட்டும் கை ஓடல. ஆனாலும் எழுதினேன்."

"உன் மேலதிகாரி என்னடா சொன்னார்?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லல. இனிமே எந்த விண்ணப்பமும் அவர் பார்த்த பிறகுதான் வெளிய போகணுமாம்."

பல வருட அனுபவம் உள்ளவனுக்கு அது அடி கொடுத்ததற்குச் சமம். அவன் அதைச் சாதாரணமாகச் சொன்னான். என் வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார், அன்றைக்கு மச்சானைப் பற்றி ஒரு கிண்டலும் செய்யவில்லை.

குழுவிடமிருந்து பதில் வந்தது. தேவை என்ற பகுதியைத் திரும்ப எழுதி அனுப்புங்கள், சம்பந்தப்பட்ட ஆசிரியை படித்து ஒப்புக்கொண்ட பிறகு அனுப்புங்கள் என்று. தம்பி போனில் ஒவ்வொரு வரியாக வாசித்தான். நான் வகுப்பில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கேட்டேன்.

"உடைகள் நனைகின்றன. இருக்கட்டுமா?"

"இருக்கட்டும்."

"இறங்கச் சிரமப்படுகிறார்."

"இப்ப மட்டும் என்ன குதிச்சா இறங்கறேன்? இருக்கட்டும்."

"வேறு வழியின்றி." அவன் நிறுத்தினான். "இதை எடுத்துடட்டுமாக்கா?"

வேறு வழியில்லாமல்தான் முதல் நாள் படுத்தேன். அதற்கப்புறம் அப்படி இல்லை. அதற்கப்புறம் எனக்குப் பிடித்துத்தான் படுத்தேன். பொம்மையே வந்தாலும் நான்தான் படுப்பேன் என்று வீட்டில் பீற்றிக்கொண்டதுகூட உண்டு. இதையெல்லாம் அவனிடம் சொல்ல வாயெடுத்தேன்.

"எடுத்தா என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டேன்.

"எடுத்தா, அப்புறம் எதுக்கு நிதின்னு கேப்பாங்க. நல்லாத்தானே நடக்குது அப்படிம்பாங்க."

பெஞ்சுகளைப் பார்த்தேன். பிள்ளைகளின் பைகள் வரிசையாக இருந்தன.

"இருக்கட்டும்" என்றேன். "அந்த 'வயதில் மூத்த'ங்கறதை மட்டும் எடுத்துத் தொலை."

அவன் சிரித்தான். சிரித்து முடித்தும் போனை வைக்காமல் இருந்தான். நானும் வைக்கவில்லை.

நிதி கிடைத்துவிட்டது. தம்பிதான் முதலில் சொன்னான், "அக்கா, ஒரு விஷயம் சொல்லப் போறேன், பரவால்லையா?" என்று என் சட்டத்தையே எனக்குத் திருப்பிப் போட்டுவிட்டு. படிப்பு தப்பித்தது. பொம்மையும் வரப்போகிறது, மூச்சு விடுமாம், இருமுமாம். முதல்வர் எல்லாப் பிரிவுக்கும் இனிப்பு கொடுத்தனுப்பினார். பிள்ளைகள் வகுப்பில் போட்ட கூச்சலில் கணக்குப் பிரிவு ஆட்கள் ஓடிவந்து வாசலில் நின்றார்கள்.

"மேடம், இன்னிக்கு உடம்பு துடைக்கற பாடம்" என்றாள் பூனைக்குட்டி. இப்போதெல்லாம் அவளுக்குக் குரல் வருகிறது.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தேன். "உங்க கையை எடுக்கப் போறேன், தண்ணி கொஞ்சம் சூடா இருக்கும், பரவால்லையா?" என்று கேட்டாள். எல்லாம் சரியாகச் செய்தாள். சட்டைக் கை நனைந்தது. இந்த இடத்தில்தான் நான் வழக்கமாகக் கத்துவேன். வாயைத் திறந்தேன், வாசலில் நின்றவர்கள் சிரிப்பதற்குத் தயாராக இருந்தார்கள். அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று எனக்கு இப்போது தெரியும். போர்வையை இழுத்து ஈரக் கையை மூடிக்கொண்டேன்.

பூனைக்குட்டி பயந்துவிட்டாள். "என்ன மேடம், தப்பாப் பண்ணிட்டேனா?"

"இல்லம்மா, நீ சரியாத்தான் பண்றே" என்றேன். "அந்தக் கதவை மட்டும் கொஞ்சம் சாத்திட்டு வா."

அந்தக் கதவைச் சாத்திப் பழக்கமே இல்லை. கீழே தரையில் தட்டி நின்றுவிட்டது. இன்னும் இரண்டு பேர் எழுந்து போய், மூன்று பேருமாகத் தள்ளிச் சாத்தினார்கள்.